நெட்டைக்கு ஒரு கொண்டலாத்தி

என்னை எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நேரில் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் உயிர்த்தோழி நெட்டை. அவள் பக்கத்தில் நின்றால் நான் அவள் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் ஊரில் இருப்பதே நான்கு லிஃப்ட். அதனால் உயரமான கட்டடங்கள் நிறைய இருக்கிற ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். நெட்டையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு லிஃப்ட் என்றாலே கோபம். எத்தனை மாடியானாலும் படியில்தான் ஏறுகிறேன்.

போகும்போது அவள் தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். அதன் வார் அவள் உயரத்துக்கு ஏற்ற நீளம். நான் நடந்தால் அது தொம் தொம் என்று வயிற்றில் இடிக்கும். "வாரைச் சுருக்கிக்கோயேன்" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை.

அன்று நாங்கள் ஒரு சத்தியமும் செய்தோம். கொண்டலாத்தி என்று ஒரு பறவை இருக்கிறது. அதன் தலையில் நீளமான கொண்டை. பெரும்பாலும் மடித்தே வைத்திருக்கும். எப்போதாவதுதான் விசிறி மாதிரி விரிக்கும். இரண்டு வருடமாகத் தேடியும், மடித்த கொண்டையைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம்.

"விரிச்சா ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கணும்" என்றாள் நெட்டை.

"நீ இல்லாம நான் பார்க்கவே மாட்டேன்டி. சத்தியம்!" என்றேன்.

சத்தியம் செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

குளிர் விட்ட முதல் சனிக்கிழமை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குக் காலையிலேயே பறவை பார்க்கக் கிளம்பினோம். மொட்டையாக நின்ற மரங்களில் பச்சை துளிர்த்திருந்தது. வேலி ஓரம் கிடந்த பழைய டயர்களுக்குள்கூடப் புல் முளைத்திருந்தது.

என்னோடு வந்தது என் கூட்டாளிகள் தும்மலும் சந்தேகமும். பூப் பூக்கும் காலம் வந்தால் தும்மலுக்கு மூக்கு அடங்காது. சந்தேகம் எதையும் லேசில் நம்பமாட்டான். பறவைப் பெயர்கள் எழுதும் நோட்டு அவனிடம்தான் இருக்கிறது.

எங்களைக் கூட்டிப் போனது தும்மலின் அம்மா. பஸ் ஓட்டுபவர். எங்களுக்கு அத்தை. இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசிப் பழகிவிட்டதால், அத்தை ரகசியம் சொன்னாலே மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"யாரும் சத்தம் போடாதீங்க, பறவையெல்லாம் ஓடிடும்!" என்று அத்தை ரகசியமாகச் சொன்னார். நான்கு சிட்டுக்குருவிகள் பறந்துபோயின.

"அங்க பாரு, காக்கா" என்றான் தும்மல்.

"காக்காதான்னு எப்படிச் சொல்றே?" என்றான் சந்தேகம்.

"கா கான்னு கத்துச்சே!"

"வேற ஏதாவது காக்கா மாதிரி கத்தியிருக்கலாம்."

நெட்டை இருந்திருந்தால் இந்நேரம் அவன் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். எனக்கு அந்தக் குட்டுச் சத்தம்கூட வேண்டும்போல் இருந்தது. என் தலையிலேயே விழுந்தாலும் பரவாயில்லை, அவள் வந்தால் போதும்.

அப்போதுதான் கேட்டது. "ஹூப்... ஹூப்... ஹூப்..."

வேலிக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, ஒரு கொண்டலாத்தி நீண்ட அலகால் புல்லைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தது. கொண்டை மடிந்திருந்தது. சட்டென்று அது தலையைத் தூக்கியது. கொண்டை இறகுகள் லேசாக அசைந்தன.

நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பட்டாணி! விரிக்கப் போகுது, பாரு!" என்று தும்மல் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"தெரியும். அதான் மூடிக்கிட்டேன். நெட்டைகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"இரும்மா, அவளுக்குப் போன் போடறேன்" என்றார் அத்தை. மணி அடித்தது, அடித்தது, நின்றது. "எடுக்கலையே. நீச்சல் வகுப்புக்குப் போயிருப்பா."

"அப்ப நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் அவகிட்ட சொல்லிக்கிறேன்."

"விரிச்சிடுச்சு!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"என்ன நிறம்?"

"செங்கல் நிறம்" என்றான் தும்மல்.

"செங்கல்லா? பிஸ்கட் நிறம்டா" என்றான் சந்தேகம்.

"எனக்கென்னமோ டிப்போ கேட்டுக்கு அடிச்ச பெயின்ட் மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

"நனைஞ்ச பிஸ்கட்டுன்னு வச்சுக்கலாம்" என்று தும்மல் சமாதானத்துக்கு வந்தான்.

எனக்கு அழுகை வந்தது. நெட்டையின் வீடு பதினொன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். "இங்க புறாவை விட்டா புறாதான்டி" என்று போன வாரம் சொன்னாள். அவளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கப் போவது என்ன? ஒரு நனைந்த பிஸ்கட்டா?

ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி பார்க்கக் கூடாது என்றுதான் சத்தியம் செய்தோம். இப்போது இரண்டு பேருமே பார்க்கவில்லை. இது யாருக்குப் பிரயோஜனம்?

"அத்தை, நான் பேசறதைப் பதிவு பண்ணி அவளுக்கு அனுப்ப முடியுமா?"

"அதுக்கென்ன, பேசு." அத்தை போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

நான் கண்களைத் திறந்தேன். கொண்டை மடிந்திருந்தது.

"இப்பத்தான் மடிச்சுது" என்றான் சந்தேகம், மெதுவாக.

நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கை வலித்தது. கொண்டலாத்தி ஒரு புழுவைத் தின்றது. இன்னொரு புழுவையும் தின்றது. பிறகு சிறகடித்து ஒரு டயர் மேல் போய் இறங்கியது.

"நெட்டை, நான்தான்டி" என்றேன். "அது டயர் மேல உட்கார்ந்திருக்கு. இப்ப விரிக்குது. நெத்தியிலேருந்து பின்னந்தலை வரைக்கும் விரிச்சிடுச்சு. ஒவ்வொரு இறகு நுனியிலயும் கறுப்பு மை தொட்டு வச்ச மாதிரி இருக்கு. உன்னோட ஆரஞ்சு சட்டை, துவைச்சுத் துவைச்சு வெளுத்துப் போச்சே, அதே நிறம். காத்துல லேசா ஆடுது. இங்கயேதான் பார்க்குது. நீ இங்க இருக்கணும்டி. நீ ஏன்டி இங்க இல்ல?"

"ஹ்ஹச்!"

"இது தும்மல். பறந்துபோயிடுச்சு. இறக்கை கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளையா போகுது. அவ்வளவுதான்டி."

சந்தேகம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நோட்டில் எழுதிக்கொண்டான். தும்மல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கோ" என்றான்.

மத்தியானம் எங்கள் வீட்டுப் போன் அடித்தது. நெட்டை.

"மூணு தடவை கேட்டேன்" என்றாள்.

"சத்தியத்தை மீறிட்டேன். கோபமா?"

"கோபம் கொஞ்சம்தான். பொறாமைதான் நிறைய." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கொண்டையில எத்தனை இறகு?"

"ஐயோ, எண்ணலையே."

"எண்ணலையா? கையில பைனாகுலரை வச்சுக்கிட்டு எண்ணாம விட்டுட்டியா? உன்னையெல்லாம் நம்பி..." என்று ஆரம்பித்தவள் மூச்சு விடாமல் திட்டினாள். திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

"நாளைக்கு எனக்கு நீச்சல் இல்ல" என்றாள் கடைசியில். "காலையில ஏழு மணிக்கே போன் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன். அது வந்ததும் கூப்பிடு. நீ பார்த்து ஒவ்வொண்ணா சொல்லு, நான் எண்ணுறேன்."

"சரிடி" என்றேன். "ஆனா மெதுவா எண்ணு."