பத்தாவது கொட்டாப்புளி

ஒன்பது பேர் கொட்டாப்புளி அடித்தால் ஒன்பது ஓசைதான் கேட்க வேண்டும். கூல்வென் கெர்த்ரோனுக்குப் பத்துக் கேட்டது.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ப்ரெஸ்ட் துறைமுகத்தில் தண்ணீரை வடித்துவிட்ட கல்தொட்டிக்குள் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றிருந்தது ‘கிளெமான்ஸ்’. எழுபத்து நான்கு பீரங்கி, அறுநூறு ஆள் கொள்ளும் போர்க்கப்பல். அவ்வளவு பெரிய மரவயிற்றில் தட்டினால் எதிரொலி வராமல் என்ன செய்யும்? ஆற்றுப் பக்கமிருந்து இறங்கிய பனி கல்சுவர்களுக்கு நடுவே தேங்கி நின்றது. கீல் காய்ச்சும் புகையும், வெயில் படாத பாசியின் வாடையும், கொப்பரைப் பக்கமிருந்து கொழுப்பு நாற்றமும் சேர்ந்து அடித்தன. அந்தப் பனிக்குள் அவனுடைய ஆட்கள் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பழங்கயிற்று நாரை உளிவைத்துத் திணித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெயர்தான் கலப்பற்று. அது சரியாக இல்லாவிட்டால் ராஜாவின் கப்பலானாலும் குளத்தில் போட்ட கூடைதான்.

ஆனால் கலப்பற்றுக்காரன் கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல், மற்றத் தச்சர்களுடையது போல ஊமையல்ல. ஒவ்வொருவனும் தனக்கென்று மரம் தேர்ந்து, அதன் தலையில் தானே கீறல் போட்டுக்கொள்வான். அது தனக்கென்று ஒரு குரலில் பாடும். கண்ணை மூடிக்கொண்டு யார் வேலை செய்கிறான், யார் ஏய்க்கிறான் என்று மேஸ்திரி சொல்லிவிடலாம். கூல்வென் இருபத்தாறு வருஷத்து மேஸ்திரி. பத்தாவது ஓசையை அவன் அறிவான். இரண்டு அடி சேர்ந்தாற்போல், பிறகு ஒரு நிறுத்தம். இடது கைக்காரன் அடி.

கையை உயர்த்தினான். ஒன்பது பேரும் நிறுத்தினார்கள். பத்தாவது மட்டும் இன்னும் மூன்று முறை அடித்தது. கப்பலுக்கு உள்ளேயிருந்து.

உள்ளே யார் வேலை செய்கிறான் என்று கேட்டான். யாருமில்லை என்றார்கள். மூத்த ஆளான லெ பிஹான் உளியைத் துடைத்துக்கொண்டே, “ஒம்பது பேரு பத்தாத் தெரியுதா மேஸ்திரி? நேத்துக் குடிச்சது இன்னும் எறங்கல போல,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கூல்வெனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆட்களை இன்னொரு முறை எண்ணினான்.

அவன் நேற்றுக் குடிக்கவில்லை. நேற்று இரவு முழுவதும் தன் வீட்டு மேசையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். மேசையில் வெள்ளைத் துணி, துணியின்மேல் விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுச் சிலுவை. அவன் மனைவி அஸெனோர் வெஸ்ஸான் தீவுக்காரி. கடலில் செத்தவன் உடல் வீடு வந்து சேராவிட்டால், அந்தத் தீவில் உடலுக்குப் பதிலாக மெழுகுச் சிலுவையை வைத்து ஓர் இரவு கண்விழித்து ஜெபிப்பார்கள். மறுநாள் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்தச் சிலுவைதான் அவள் தம்பி ப்ரியாக். தாயில்லாத பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். கலப்பற்று வேலையைக் கூல்வென்தான் கற்றுக்கொடுத்தான். இருபத்து மூன்று வயது.

விடியும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இன்னைக்குத் தண்ணி விடுறதுக்கு முன்னாடி நான் அங்க வரேன். அவன் விழுந்தது எந்தப் பீரங்கிகிட்டன்னு காட்டுங்க, போதும். சிலுவைய ஒரு தடவ அங்க வெச்சு எடுத்துக்கறேன்.”

அவன் சரி என்று தலையாட்டினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியில நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அதுவே எனக்கு ஆறுதல்,” என்றாள்.

ஆறு மாதமாக அவள் அதைச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும். கீழ்த்தளத்தில், பீரங்கிப் பக்கத்தில், நெஞ்சில் குண்டு பட்டு, ஒரு நொடியில் போய்விட்டான், நான்தான் கண்ணை மூடினேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். கண்ணை மூடியது மட்டும் உண்மை.

நடந்தது இது. போன அக்டோபரில் இங்கிலீஷ்காரக் கப்பல்களோடு சண்டை. சண்டையின்போது கலப்பற்றுக்காரர்களுக்கு இடம் நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் உட்சுவரை ஒட்டிச் சுற்றிப் போகும் இடைவழியில். ஒரு ஆள் கூனிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். குண்டு துளைத்தால் மரமுளையும் கொழுப்பும் ஈயத்தகடும் வைத்து அடைக்க வேண்டும். பக்கத்திலேயே வெடிமருந்து அறை இருப்பதால், ஆணி அடித்த மரச்செருப்போடு யாரும் உள்ளே இறங்கக்கூடாது. வாயிலருகே மேலே கழற்றி வைத்துவிட்டு இறங்குவார்கள். ஆபத்து என்று குரல் கொடுத்தால் எல்லோரும் ஏறிவந்து அவரவர் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். ஒரு ஜோடி மீந்தால், அந்த ஆளைக் கூட்டிவர மேஸ்திரிதான் இறங்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்த மேஸ்திரியும் மீறியதில்லை.

அன்று கயிற்றறையில் தீப்பிடித்தது. காற்றுப் போகாமல் இடைவழியை மூடி அடைத்தால் தீ தானே அணையும், இல்லாவிட்டால் வெடிமருந்து அறுநூறு பேரையும் கொண்டுபோகும். லெப்டினன்ட் ஓடிவந்து, எல்லாரும் மேலே வந்தாயிற்றா என்று கேட்டார். வாயிலிலிருந்து புகை கம்பளிக் கட்டாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. அதனருகே ஒரு ஜோடி செருப்பு. அறுந்த வாருக்கு நீலக்கயிறு போட்டு அஸெனோர் முடிந்து கொடுத்தது.

இல்லை என்று சொல்லியிருந்தால், ப்ரியாக்கைத் தேட ஒரு ஜெபம் சொல்லும் நேரமாவது கொடுத்திருப்பார்கள். இறங்கித் தேட வேண்டியவன் மேஸ்திரி. கூல்வென் புகையைப் பார்த்து ஓரடி பின்வாங்கினான்.

“வந்துட்டாங்கய்யா. எல்லாரும் வந்துட்டாங்க,” என்றான்.

காலால் அந்தச் செருப்பைத் தள்ளிப் பீரங்கிச் சாளரம் வழியாகக் கடலில் விழச்செய்தான். பலகையை மூடி, இடுக்கில் நாரைத் திணித்து, அடிக்கத் தொடங்கினான். மூன்றாவது அடியில், கீழேயிருந்து யாரோ தட்டினார்கள்.

பின்னால் லெப்டினன்ட் நின்றிருந்தார். கூல்வென் என்ன செய்தான் என்றால், அந்தத் தட்டல் வரும் நேரம் பார்த்து அதன்மேலேயே தன் அடியைப் போட்டான். கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டும் ஒரே ஓசையாக. இரண்டு அடி சேர்ந்தாற்போல், பிறகு ஒரு நிறுத்தம். ஒரு தடவைகூடத் தாளம் தப்பவில்லை. கீழே தட்டல் நிற்கும்வரை அவனும் நிறுத்தவில்லை.

கப்பல் பிழைத்தது. எல்லோர் முன்னிலையிலும் காப்டன் அவன் தோளைத் தட்டினார். இரண்டு நாள் கழித்துப் பலகையைத் திறந்தவனும் அவனே, தனியாக. ப்ரியாக் வாயிலுக்கு நேர் கீழேயே இருந்தான். விரல் நுனிகளில் நகமில்லை. தூக்கிக்கொண்டுபோய்ச் சண்டையில் செத்தவர்களோடு கிடத்தி, கித்தான் துணியில் வைத்துத் தைத்துக் கடலில் விடவும் செய்தான். பாவி. அதை அவனுக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதில்லை.

மதியம் நெருங்கியது. இரண்டு மணிக்கு அலை உச்சம். மதகைத் திறந்து தொட்டிக்குள் தண்ணீர் விடுவார்கள். அதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. மூடக்கூடியதையெல்லாம் மூடிவிட்டு, விளக்கில்லாமல் மேஸ்திரி தனியாக இடைவழியைச் சுற்றிவர வேண்டும். நார் விட்டுப்போன இடத்தில் வெளிவெளிச்சம் ஊசியாய்த் தெரியும். மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சொல்லாமல் எந்தக் கப்பலையும் மிதக்கவிட மாட்டார்கள். ஆறு மாதமாக அவன் அந்த வாயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இன்றைக்குத் தப்ப வழியில்லை.

நீலக் கோட்டைக் கழற்றி வாயிலருகே மாட்டினான். செருப்பைக் கழற்றி வைத்தான். கூப்பிட்ட உடனே திறக்க வேண்டும், இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்று லெ பிஹானிடம் இரண்டு தடவை சொன்னான்.

“எங்க போகப்போறேன் மேஸ்திரி? சீமையவிட்டா ஓடப்போறேன்?” என்று சொல்லிவிட்டு லெ பிஹான் பலகையை மூடினான்.

இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கிற இருட்டு. கூல்வென் இடது கையைப் பலகையில் தேய்த்தபடி, முதுகை வளைத்து, வெறுங்காலில் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனான். அடிக்கப்பலில் தேங்கிய நீரின் பழைய நாற்றம், புது நாரின் கீல் வாசம், எங்கோ சொட்டும் ஈரம், வெளியே பனிக்குள் ஆட்களின் மங்கிய பேச்சு, எல்லாம் இருக்க வேண்டியபடிதான் இருந்தன. வெளிச்சம் எங்கும் ஒழுகவில்லை. நல்ல வேலை. பாதி தூரம் வந்தபின் புகை வாசம் அடித்தது. ஆறு மாதமாகச் சுரண்டி, காடியூற்றிக் கழுவிய இடம். இன்னும் எப்படிப் புகை?

தொட்டியின் கற்படிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு பிளவு தெரிந்தது. விரல் அகலம். இவ்வளவு பெரிய இடுக்கை யார் விட்டது என்று எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சல் ஒரு கணம் இதமாக இருந்தது.

வெளிச்சம் அணைந்தது.

திரும்ப வந்தது.

அவனுக்கும் பிளவுக்கும் நடுவே யாரோ கடந்து போயிருந்தார்கள்.

“மாமா,” என்றது இருட்டு.

கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“மாமா, நீங்க எறங்கி வருவீங்கன்னு தெரியும்.”

கூல்வென் திரும்பினான். ஓடினான். தலை உத்தரத்தில் மோதியது. முழங்கை கிழிந்தது. தவழ்ந்தான். பின்னால் காலடி இல்லை. புகை மட்டும். வாயிலுக்குக் கீழே வந்துவிட்டான். கூப்பிட வாய் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

மேலே லெ பிஹான் குரல். “ஆச்சா மேஸ்திரி?”

“ஆச்சு. தொற,” என்று பதில் போனது. கூல்வெனின் குரலேதான். அவன் காதருகேயிருந்து போனது.

பலகை திறந்தது. வெள்ளை வெளிச்சம். அவன் தோளில் ஒரு பாதம் ஊன்றியது. சில்லென்று. ஈரமாக. ஒரு முழு ஆளின் கனம். அவனை மிதித்து, ஏறி, போனது. பலகை மூடிக்கொண்டது.

அதன்பிறகுதான் குரல் திரும்பியது. கத்தினான். தட்டினான். மேலே யாரோ சீட்டியடித்தபடி நடந்து போனார்கள். வெளியே ஆட்கள் முட்டுக்கட்டைகளை அடித்துத் தளர்த்தும் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது.

பிளவு. பிளவு ஒன்று இருக்கிறது.

மறுபடியும் இருட்டில் தவழ்ந்துபோய் அதில் கண்ணை வைத்தான். கற்படிகள். பனி. நாலைந்து படி மேலே அஸெனோர் கறுப்பு உடையில் நின்றிருந்தாள், கையில் வெள்ளைத் துணி. அவளை நோக்கி அவனுடைய நீலக் கோட்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தது. முதுகுதான் தெரிந்தது.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. சின்னப் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல அங்கியின் நுனியால் துடைத்தாள். துணி கரியானது.

கோட்டு குனிந்து அவள் காதில் பேசியது. நெடுநேரம்.

கூல்வென் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மதகுக்காரன் மேலே கரையிலிருந்து, தண்ணீர் திறக்கலாமா, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கூவிக் கேட்டான். கோட்டு பதில் சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.

“அஸெனோர்,” என்றான் கூல்வென். பிளவுக்குள் இரண்டு விரலை நுழைத்தான். வெளியே நீட்டி ஆட்டினான். “அஸெனோர். நான் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

அவள் பார்த்தாள். நேராக அந்த விரல்களைப் பார்த்தாள். அதில் சந்தேகமே இல்லை.

“யாருமில்ல,” என்று மேலே பார்க்காமலேயே உரக்கச் சொன்னாள். “எல்லாரும் வெளிய வந்துட்டாங்க.”

மதகு திறந்தது. தண்ணீர் இரைந்தது. படி ஒன்று மூழ்கியது. இன்னொன்று. கருகிய கையொன்று அவள் கையைப் பிடித்து மேலே இழுத்தது. அவள் போகவில்லை. பிளவின் வழியே உப்புத் தண்ணீர் அவன் முழங்கை வரை வழிந்தது. அவன் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் இருட்டாகிவிடும்.

தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. அவள் அப்படியே நின்று, கண் கொட்டாமல், அந்த விரல்கள் மூழ்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.