மூட்ட மாதத்து நண்டு

காலை 9.10.

பதினொரு நோட்டுகளும் பீரோவில் இருந்தன. எழுத்துதான் இல்லை.

நீதிமன்றக் குமாஸ்தா முதல் நோட்டைப் பிரித்தார். வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. ஐந்தாவதைப் பிரித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழியை முதலில் கண்ணாடிமேல் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். நேற்று மாலை ஆறு மணிக்கு இதே பீரோவைத் திறந்து, பதினொன்று என்று எண்ணி, பூட்டி, அரக்கு முத்திரை வைத்தவர் அவர்தான். முத்திரை இன்று காலையும் அப்படியே இருந்தது. எண்ணினாரே தவிர, நேற்று ஒரு நோட்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

வழக்கு பதினொரு மணிக்கு. அந்த நோட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கீழே மருந்துக்கடை, மேலே இந்த இரண்டு அறைகள். கடைக்காரி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பீரோவின் முன் நின்றாள். கத்தவில்லை, அழவில்லை. போலீசுக்கு போன் போட்டாள்.

காலை 9.25.

வந்த இன்ஸ்பெக்டரை ஸ்டேஷனில் 'துரும்பு' என்பார்கள். ஒரு துரும்பைக்கூடப் புரட்டாமல் விடமாட்டாள் என்பது ஒரு காரணம். ஆளும் துரும்பு மாதிரி ஒல்லி என்பது இன்னொரு காரணம். கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

"கேஸ் என்னன்னு சுருக்கமா சொல்லுங்க."

கடைக்காரியின் கணவர் வக்கீல். சுருக்கமாகப் பேசுவது அவருக்குத் தொழில் தர்மத்துக்கு விரோதம், இருந்தாலும் முயன்றார்.

"'நீலத்துறை'ன்னு ஒரு ஆன்லைன் கேம், மேடம். ஒரு துறைமுக ஊர். ஆயிரக்கணக்கான பேர் அங்க படகு ஓட்டுவாங்க, மீன் பிடிப்பாங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி கம்பெனி சர்வரை நிறுத்திட்டாங்க. காசு கொடுத்து வாங்கினவங்க கம்ப்யூட்டர்ல படமும் பாட்டும் மிச்சம். ஊரு போச்சு. நாங்க சர்வர் புரோகிராமைப் புதுசா எழுதி ஓட்டுறோம். கட்டணம் கிடையாது. நானூறு பேர் விளையாடறாங்க."

"அது சட்டப்படி தப்பா?"

"அதைத்தான் கோர்ட் சொல்லணும். என் வாதம் இதுதான். ஒரு வீட்டை வெளியில நின்னு பார்த்து, அதே மாதிரி நம்ம செங்கல்லுல நாம கட்டிக்கலாம். அவங்க வீட்டுக் கதவைக் கழட்டிட்டு வந்து மாட்டக்கூடாது. கம்பெனி எங்களைக் கதவைக் கழட்டினவங்கன்னு சொல்றாங்க. அவங்க பழைய புரோகிராமை யாரோ இன்டர்நெட்ல கசிய விட்டிருக்காங்க. அதை எடுத்துத்தான் நாங்க செஞ்சோமாம்."

"இல்லைன்னு எப்படிக் காட்டுவீங்க?"

"அதுக்குத்தான் ரெண்டு அறை." கடைக்காரி குறுக்கிட்டாள். "இந்த முன்னறையில என் மாமனார். முன்னாடி விளையாடினவங்க எடுத்து வச்ச பழைய வீடியோ பதிவுகளைப் பார்த்து, கண்ணுல பட்டதை நோட்டுல எழுதுவார், அந்த ஊருக்குள்ள வர்ற மாசத்துக்கு ஒரு நோட்டுன்னு. அந்தப் பின்னறையில என் தம்பி. அவன் அந்த கேமைப் பார்த்ததே இல்ல. நோட்டைப் படிச்சு, அதுல இருக்கறதை மட்டும் புரோகிராமா எழுதுவான். நடுவுல இந்தத் திறப்பு."

நடுச்சுவரில் ஒரு சின்னத் திறப்பு இருந்தது. நோட்டு நுழையும், ஆள் நுழைய முடியாது. பின்னறைக்குத் தனிப் படிக்கட்டு. இரண்டு அறைக்காரர்களும் வேலையைப் பற்றி வாய் திறந்து பேசக்கூடாது என்பது கடைக்காரி போட்ட சட்டம். மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேஜையில்கூட அது மீறப்படவில்லை. கேமைப் பார்த்ததில்லை என்று தம்பி கோர்ட்டில் சத்தியப் பத்திரமும் கொடுத்திருந்தான்.

"சமாதானம் பேசலையா?"

"பேசினாங்க. 'முழுவதும் உங்கள் புரோகிராமிலிருந்து நகலெடுத்தோம்'னு ஒரு கடிதம். அதுல நான் கையெழுத்துப் போட்டா கேஸை வாபஸ் வாங்கிக்குவாங்க. கேம் போனா போகட்டும், மேடம். திருடின்னு எழுதிக் கொடுத்தவளுக்கு மருந்துக்கடை லைசென்சை யார் புதுப்பிப்பா? அவகிட்ட யார் மாத்திரை வாங்கி நம்பி முழுங்குவா? அந்த வார்த்தைக்குக் கீழ என் பேர் வராது."

"கடிதத்தைக் கொண்டு வந்தது யாரு?"

"கம்பெனி மேனேஜர். நேத்து சாயங்காலம் நாலரைக்கு. இந்த அறையிலதான் உட்கார்ந்திருந்தார்."

எல்லார் கண்ணும் பீரோவுக்குப் போயிற்று. கான்ஸ்டபிள் மேனேஜரின் பெயரை எழுதிக்கொண்டு கேஸ் முடிந்துவிட்ட மாதிரி பேனாவை மூடினார்.

காலை 9.40.

துரும்பு மாமனாரிடம் வந்தாள். ரயில்வேயில் முப்பது வருடம் சிக்னல் வேலை பார்த்தவர். மணி சொல்லாமல் அவருக்கு வாக்கியம் வராது.

"மேனேஜர் இங்க தனியா இருந்தாரா?"

"4.32லேர்ந்து 4.37 வரைக்கும் இருந்தார். மருமகளைக் கூப்பிட நான் கீழ போனேன். பீரோ அப்பப் பூட்டலை."

"அதுக்கு முன்னாடி நோட்டுகள் எங்க இருந்துச்சு?"

"ரெண்டு மணிக்குத் திறப்பு வழியா உள்ள கொடுத்தேன். பக்கத்துக்கு நம்பர் போடணும்னு வக்கீல் சொன்னான். நாலு மணிக்குத் திரும்ப வந்துச்சு. அப்படியே பீரோவுல அடுக்கினேன்."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"நானே எழுதினதை நானே படிக்கணுமா?"

துரும்பு ஒரு நோட்டை எடுத்தாள். பிரவுன் பேப்பர் அட்டை. மேலே பெரியவர் கையெழுத்தில் எண். மூலையில் பஞ்சிங் மெஷினால் போட்ட ஒரு ஓட்டை.

"இது என்ன ஓட்டை?"

"புரோகிராமா எழுதி முடிச்ச நோட்டுக்கு மருமக தம்பி போடுற அடையாளம்."

அவள் ஓட்டைக்குள் விரல் நுனியை வைத்து அழுத்தினாள். பிறகு பேப்பரைப் பிரித்தாள். உள்ளே நோட்டின் அட்டையில் ஓட்டை இல்லை. பதினொன்றையும் பிரித்தாள். ஒன்றிலும் இல்லை.

"உறை பழசு, நோட்டுதான் புதுசு. உரிச்சு மாட்டியிருக்காங்க. கான்ஸ்டபிள், நீங்க பிள்ளைங்க நோட்டுக்கு அட்டை போடுவீங்கல்ல? ஒண்ணு போடுங்க, பார்ப்போம். மடிப்பு பழைய மடிப்புலயே உட்காரணும்."

கான்ஸ்டபிள் நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்தார். மூன்று நிமிடம் பிடித்தது.

"பதினொண்ணுக்கு அரை மணிக்கு மேல ஆகும். அஞ்சு நிமிஷத்துல மேனேஜருக்குப் பத்துக் கை இருந்தாலும் முடியாது."

காலை 9.55.

இருந்தாலும் மேனேஜருக்கு போன் போட்டாள்.

"அந்த நோட்டு காணாமப் போனா உங்களுக்கு லாபம்தானே?"

"மேடம், அதைக் கோர்ட்டுல காட்டச் சொல்லி மனு போட்டதே நாங்கதான். படிச்சுப் பார்க்க ரெண்டு பேரை ஊர்லேர்ந்து வரவழைச்சிருக்கோம். ஓட்டல் பில் நான் கட்டுறேன்."

அவர் குரலில் உண்மையான எரிச்சல் இருந்தது. துரும்பு போனை வைத்தாள்.

பிறகு பின்னறைக்குப் போனாள். சின்ன அறை. இரண்டு திரை, ஒரு நாற்காலி, மேஜைக்கு அடியில் ஒரு பிரிண்டிங் பேப்பர் பெட்டி, மூலையில் சர்வர் முனகிக்கொண்டிருந்தது. தம்பிக்கு இருபத்தாறு வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

"நேத்து ரெண்டுலேர்ந்து நாலு?"

"பக்கத்துக்கு நம்பர் போட்டேன்."

"எத்தனை பக்கம்?"

"ஆயிரத்துச் சொச்சம்."

"திருப்பிக் கொடுக்கும்போது எழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

முன்னறைக்குத் திரும்பியபோது சுவரில் ஒட்டியிருந்த ஒரு கடிதம் அவள் கண்ணில் பட்டது. விளையாடுகிற ஒருவர் போன மாதம் எழுதியது. 'நேற்று பனிமூட்டம் இறங்கியது. கண் தெரியவில்லை. துறைப் பலகைமேல் நண்டுகள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இது அதே ஊர்தான் என்று அப்போது தெரிந்தது. அழுதுவிட்டேன்.'

"அந்தக் காலத்துல நானும் விளையாடினேன்" என்றாள் கடைக்காரி. அவள் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "மூட்டத்துல யாரும் படகு எடுக்கமாட்டாங்க. நான் மட்டும் துறையில நின்னுக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். அச்சு அசலா அப்படியே வந்திருக்கு, மேடம்."

"நீலத்துறையில மாசம் எத்தனை?"

"பன்னெண்டு."

"ஒரு மாசத்துக்கு ஒரு நோட்டுன்னா, ஒண்ணு குறையுதே?"

பெரியவர் பதில் சொன்னார். "மூட்ட மாசத்துக்கு நோட்டு இல்லை. திரை முழுக்க வெள்ளை. அதை யார் பதிவு பண்ணி வைப்பா? பத்தாம் நோட்டுக் கடைசிப் பக்கத்துல ஒரே வரி எழுதினேன். 'மூட்டம். ஒன்றும் தெரியவில்லை.' பார்க்காததை நான் எழுதமாட்டேன். சிக்னல்ல அப்படி எழுதினா ரெண்டு ரயில் மோதிக்கும்."

துரும்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐந்து.

"எல்லாரும் இங்க வாங்க. தம்பி மட்டும் அந்தப் பக்கமே நிக்கட்டும்."

காலை 10.05.

திறப்பின் அந்தப் பக்கம் தம்பியின் முகம் தெரிந்தது.

"மேனேஜருக்கு நேரம் பத்தாது. நோட்டைப் படிக்கணும்னு அவருக்கே ஆசை. அப்ப நோட்டைப் படிக்கக்கூடாதுன்னு நினைச்சது யாரு? அதுல இருக்கற ஏதோ ஒண்ணுக்கு பயந்துட்டாங்கன்னு முதல்ல நினைச்சேன். அது தப்பு. அதுல இல்லாத ஒண்ணுக்குத்தான் பயம்."

குமாஸ்தா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெரியவரே, நண்டு பத்தி எழுதினீங்களா?"

"நண்டா? மருமகதான் தம்பிகிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன். அவ முன்னாடி விளையாடினவளாச்சே."

"நான் சொல்லலை, மாமா. பதிவுல இருந்துச்சு, நீங்க எழுதினீங்கன்னுல்ல நினைச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற சட்டத்தை மூன்று வருடம் ஒழுங்காகக் காப்பாற்றியதில், ஒரு நண்டு நடுவில் புகுந்ததை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இவர் எழுதலை, நீங்க சொல்லலை, கேமையே பார்க்காத ஒருத்தன் நண்டு சத்தத்தை அச்சு அசலா கொண்டு வந்துட்டான். அது ஒரே ஒரு இடத்துலேர்ந்துதான் வந்திருக்கும், கசிஞ்ச அந்தப் பழைய புரோகிராம்லேர்ந்து. கம்பெனிக்காரன் அந்த ஒரு வரியைப் படிச்சா, அடுத்த நிமிஷம் இதைத்தான் கேட்பான். பத்தாம் நோட்டை மட்டும் எடுத்தா பத்தாம் நோட்டு மேலயே கண்ணு போகும். அதனால பதினொண்ணும் போச்சு. உறையை மாத்த ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நேரமும் இருந்துச்சு. என்ன தம்பி?"

தம்பியின் கண் மேஜைக்கு அடியில் போய் வந்தது.

"பிரிண்டர் இல்லாத அறையில பிரிண்டிங் பேப்பர் பெட்டி எதுக்கு? கான்ஸ்டபிள், போய்ப் பாருங்க."

பெட்டியில் நோட்டுகள் இருந்தன. பதினொன்றும். மூலையில் ஓட்டையோடு.

"கிழிக்கத்தான் நினைச்சேன்." தம்பியின் குரல் திறப்பு வழியாக வந்தது. "மாமா கையெழுத்தைப் பார்த்ததும் மனசு வரலை. ஒரே ஒரு மாசத்தைத்தான் அக்கா எடுத்தேன். ஊரைத் திறக்க நாள் குறிச்சுட்டே, மூட்டம் மட்டும் காலியா கிடந்துச்சு. கசிஞ்சு வந்த அந்தப் புரோகிராமைத் தேடி எடுத்தேன். மூட்டத்தை மட்டும் பார்த்துட்டு மூடிட்டேன். மத்த பதினொண்ணும் நோட்டைப் பார்த்துத்தான். சத்தியமா."

"சத்தியம் ஏற்கெனவே ஒண்ணு கோர்ட்டுல இருக்கு" என்றாள் துரும்பு.

காலை 10.25.

வக்கீல் மனைவியைத் தனியாக ஜன்னலோரம் அழைத்தார். குரலைத் தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டார், எல்லாருக்கும் கேட்டது.

"அவன் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கான். இது வெளியில வந்தா ஜெயில்வரைக்கும் போகலாம். மேனேஜர் கடிதம் இன்னும் என் பையிலதான் இருக்கு. நீ கையெழுத்துப் போட்டா கேஸே இல்லை. சத்தியப் பத்திரத்தை யாரும் பிரிக்கப் போறதில்லை."

"முழுசும் திருடினோம்னு எழுதணும்."

"ஆமா."

"அது பொய்ங்க. மாமா மூணு வருஷம் கண்ணு எரிய உட்கார்ந்து எழுதியிருக்கார். அதையும் திருட்டுன்னு சொல்லச் சொல்றீங்களா?" அவள் நிமிர்ந்துகொண்டாள். "ஒண்ணுமே எடுக்கலைன்னு இனிமே நான் சொன்னா அதுவும் பொய். எது நடந்துச்சோ அதைச் சொல்லுவோம்."

"உன் தம்பி..."

"என் தம்பின்னுதான் சொல்றேன்."

அவள் திறப்பருகில் போனாள்.

"முதல்ல சர்வர்லேர்ந்து அந்த மாசத்தை எடு. அப்புறம் படி இறங்கி வா. கோர்ட்டுல நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். எடு."

துரும்பு தன் அறிக்கைத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். "தம்பியே முதல்ல சொல்லட்டும். நான் அதுக்குப் பின்னாடி கொடுக்கறேன்" என்றாள்.

மதியம் 12.40.

தம்பி எழுந்து நின்று சொன்னான். மூட்டத்தை எடுத்ததையும் நோட்டுகளை மாற்றியதையும் மறைக்கவில்லை. நீதிபதி அவனை ஒரு தடவை உரக்கக் கண்டித்தார். பொய்ச் சத்தியத்துக்கும் சாட்சியத்தை மறைத்ததற்கும் தனி விசாரணை என்றார். பிறகு பத்தாம் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரியை நெடுநேரம் பார்த்தார்.

"தெரியாததைத் தெரியலைன்னு எழுதியிருக்கிற நோட்டு. மற்ற பதினொரு மாதத்தையும் இந்த நோட்டுகளோட ஒப்பிட்டுப் பாருங்க. தீர்ப்பு வரைக்கும் அந்தப் பதினொரு மாதம் ஓடலாம். மூட்ட மாதம் கூடாது."

வராந்தாவில் மேனேஜர் கடைக்காரியிடம் வந்தார். "எங்க ஆளுங்க அந்த வரியைக் கவனிக்காமத் தாண்டிப் போயிருந்தாலும் போயிருப்பாங்க, மேடம்."

"போயிருக்கலாம்" என்றாள் அவள். கையெழுத்தில்லாத அவருடைய கடிதத்தை அவரிடமே கொடுத்தாள்.

படிக்கட்டில் தம்பி பின்னாலேயே வந்தான். முகத்தில் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தது.

"அக்கா, மூட்டத்தைக் கேட்ட பழைய ஆளுங்க நிறைய பேர் இருப்பாங்க. நீயும் இருக்கே. மாமா அவங்களைக் கேட்டு ஒரு நோட்டு எழுதட்டும். நான் அதைப் பார்த்து ஒழுங்கா மறுபடி எழுதித் தரேன். ரெண்டே வாரம்."

"நீ எழுத முடியாதுடா."

"ஏன்?"

"பார்த்துட்டே. பார்த்தவன் அந்த அறைக்குள்ள போகக்கூடாது. அதுதானே நம்ம சட்டம். பார்க்காத ஒருத்தரைத் தேடணும்." அவள் கையை நீட்டினாள். "பின்னறைச் சாவி."

அவன் பையில் கையை விட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு எடுத்துக் கொடுத்தான்.

"எப்பத் திருப்பித் தருவே?"

"தரமாட்டேன்டா."

அவளுக்கு அழுகை வந்தது. நடுப்படியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, மறைக்காமல் அழுதாள். சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.