பதினாறாயிரம் சீட்டுத் திட்டம்

"கொன்னுட்டாங்கடா பாவிங்க...!"

அலறல் கம்ப்யூட்டர் அறையிலிருந்து வந்தது.

வெளியே ஏழு பிரஸ் மெஷின்கள் இரும்புத் தகடுகளை அறைந்து கொண்டிருந்தன. அந்த இரைச்சலையும் கிழித்துக் கொண்டு வந்தது என்றால் எப்பேர்ப்பட்ட அலறல் என்று பார்த்துக் கொள்ளுங்கள்!

ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட் எடுத்துக் கொடுக்கும் அக்காதான் முதலில் ஓடி வந்தாள்.

"யாருடா செத்தது?"

"ஆள் இல்லக்கா... ஃபைல்!"

சொன்னவன் வொயர். அவளுடைய சொந்தத் தம்பி. தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களை மேய்ப்பவன். தோளில் எப்போதும் ஒரு கேபிள் தொங்குவதால் அந்தப் பெயர்.

"எந்த ஃபைல்?"

"நாலாம் நம்பர்!"

அக்கா சுவரோடு சாய்ந்தாள்.

நான்கு நாட்களுக்கு முன் நாலாம் நம்பர் பிரஸ் அவள் புருஷனின் இரண்டு விரல்களை நசுக்கியது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

யார்?

'அவனேதான்' என்றார் மேனேஜர்.

'நான் தொடவே இல்ல' என்றான் புருஷன்.

யார் கார்டைக் காட்டிச் சென்சாரை அணைத்தாலும், பெயரோடும் மணியோடும் எழுதி வைக்கும் ஒரு ஃபைல் உண்டு. ஆய்வாளர் வரும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. தப்பு புருஷன் மேல் என்றால் வேலை போகும். கம்பெனி கொடுத்த வீடும் போகும்.

அந்த ஃபைல்தான் இப்போது இல்லை!

"என்னய்யா கூச்சல்?"

மேனேஜர் உள்ளே வந்தார். கொதிக்கும் பட்டறையிலும் சட்டை மடிப்புக் கலையாத மனிதர். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் இஸ்திரி.

"நாலாம் நம்பர் ஃபைலைக் காணோம் சார்."

இஸ்திரியின் முகத்தில் அதிர்ச்சி வர வேண்டிய இடத்தில்... ஒரு மலர்ச்சி!

"அடடா! சரி விடு. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. எல்லாம் சரியாயிடும்."

அவர் கை சுவிட்சை நோக்கி நீண்டது.

"சார்! தொட்டீங்க, கடிச்சிடுவேன்!"

"யாரு யாரைக் கடிக்கிறது?"

வாசலில் ஒரு பெண்மணி. கக்கத்தில் ஹெல்மெட். காலில் எண்ணெய்க் கறை படிந்த பூட்ஸ்.

தொழிற்சாலை ஆய்வாளர்! ஒரு மணி நேரம் முன்னதாகவே!

விஷயத்தைக் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அழிக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கு?"

"எனக்கு மட்டும்தான் மேடம்," என்றான் வொயர்.

"பாஸ்வேர்டு?"

"எனக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப கொலைகாரன் நீதான். கேஸ் முடிஞ்சுது. டீ இருக்கா?"

"மேடம்...!"

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டு விம்மினாள். "நான் அப்பவே நினைச்சேன்... கம்ப்யூட்டருக்குத் தானா ஏதோ ஆயிருக்கும் மேடம். என் தம்பி பூச்சிய கூட நசுக்க மாட்டான்."

"பத்தே நிமிஷம் குடுங்க மேடம்," என்று கும்பிட்டான் வொயர். "கெர்னல்கிட்ட சாட்சி இருக்கு."

"யாரு கெர்னல்? எந்தப் பட்டாளம்?"

"பட்டாளம் இல்ல மேடம். கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற மேஸ்திரி. அவனைக் கேக்காம இங்க ஒரு எழுத்து அசையாது. எந்த ஃபைல்ல யார் கை வச்சாலும் ஒரு சீட்டு எழுதி வரிசையில வைப்பான். இன்ன ஃபைல், இன்ன காரியம், செஞ்ச புரோகிராமோட நம்பர் இது. என் காவல்காரப் புரோகிராம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து சீட்டுங்களை அள்ளிட்டுப் போகும்."

"அடுத்து எப்ப வரும்?"

"ஒண்ணு அம்பதுக்கு."

மணி ஒன்று நாற்பத்தாறு.

"அந்த வரிசை எங்க இருக்கு?"

"மெமரியில. கரண்ட் போனா அதுவும் போச்சு."

ஆய்வாளர் இஸ்திரியைப் பார்த்தார். சுவிட்சுக்கு அருகே நின்றிருந்த இஸ்திரி, அது சுடுவது போல இரண்டடி தள்ளி நின்று கொண்டார்.

"வெட்டி வேலைடா," என்றாள் அக்கா, மூக்கைச் சிந்தியபடி. "வரிசைல பதினாறாயிரம் சீட்டுக்குத்தான் இடம், அதுக்கு மேல வந்தா தூக்கிக் கடாசிடுவான்னு நீதானே சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து தினம் கதை அளப்ப? அழிச்சவன் முதல்ல குப்பையா ரொப்பிட்டுத்தான் அழிச்சிருப்பான். விடு."

"பதினாறாயிரத்து முந்நூத்து எண்பத்து நாலு," என்று திருத்தினான் வொயர். அவன் முகம் வாடியது. அப்படியும் நடந்திருக்கலாமே!

"ஆமாமா, ரொம்பியிருக்கும்!" என்றார் இஸ்திரி குதூகலமாக.

ஒன்று நாற்பத்தெட்டு.

ஒன்று நாற்பத்தொன்பது.

ஆய்வாளர் ஹெல்மெட்டில் தாளம் போட்டார். அக்கா நகத்தைக் கடித்தாள். இஸ்திரி கைக்குட்டையை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

ஒன்று ஐம்பது!

திரையில் சீட்டுகள் விழுந்தன.

எத்தனை?

இரண்டு...!

வொயர் ஒரு விநாடி விழித்தான். அடுத்த விநாடி மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான்.

"என்ன தம்பி, பயத்துல கழண்டுடுச்சா?"

"மேடம்... ரொப்பத்தான் பார்த்திருக்கான்! ஒரே ஃபைல்ல ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப எழுதியிருக்கான். ஆனா மேஸ்திரி சோம்பேறி மேடம்! அதே புரோகிராம், அதே ஃபைல், அதே காரியம்... அந்தச் சீட்டு ஏற்கெனவே வரிசைல நிக்குதுன்னா, புதுசா எழுத மாட்டான். பழசோட சேர்த்துடுவான். இருபதாயிரம் தடவை எழுதினாலும் ஒரே சீட்டு!"

"அப்ப ரெண்டாவது?"

"அதுதான் கொலை! நாலாம் நம்பர் அழிப்பு. ரெண்டு சீட்டுலயும் ஒரே புரோகிராம் நம்பர். அதை விடக் கூத்து... அந்தப் புரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு! நிறுத்தத் தெரியாம விட்டுட்டுப் போயிருக்கான், மடையன்! எங்கேர்ந்து ஓடுதுன்னு இப்பப் பார்த்துடலாம்..."

தட்டினான்.

பார்த்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

தோளிலிருந்த கேபிளை இழுத்துத் திரையை மறைக்கப் பார்த்தான். கேபிளால் எதை மறைக்க முடியும்?

ஆய்வாளர் எட்டிப் படித்தார். சத்தமாக.

"எழுதப்பட்ட ஃபைல், நட்டு-போல்ட் பட்டியல். ஓடும் இடம்... ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

விம்மல் நின்றிருந்தது.

"அக்கா...?" வொயரின் குரல் கீச்சிட்டது. "என் பாஸ்வேர்டு உனக்கு எப்படி...?"

"என் பொறந்த நாளை வச்சிட்டு பெரிய ரகசியமாம்!" சீறினாள் அக்கா. உடனே உடைந்து அழுதாள். இந்த முறை நிஜ அழுகை. "நான் என்னடா பண்ணுவேன்? உங்க மச்சான் தொடலன்னு சொன்னா நம்பறதா? வீட்டு ஃபேனோட கம்பிக்கூண்டைக் கழட்டிக் கடாசிட்டு, காத்து நல்லா வருதும்பாரு! அந்த ஆளு சென்சாரை விட்டு வச்சிருப்பாரா? ஃபைலைத் திறந்தா இவர் பேர்தான் இருக்கும்னு... வேலை போய், வீடு போய், ரெண்டு புள்ளைங்களோட எங்கடா போவேன்?"

இஸ்திரி தொண்டையைச் செருமிக் கொண்டார்.

"பாவம், விட்டுடுங்க மேடம். ஃபைல்தான் போயிடுச்சே. நானும் புகார் எதுவும் குடுக்கல."

என்ன தாராளம்!

"ஃபைல் எங்க சார் போச்சு?" என்றான் வொயர் மெதுவாக.

"என்னய்யா?"

"சீட்டுப்படி அக்கா அழிச்சது பேரை மட்டும்தான். நாலாம் நம்பரோட புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து கையில வச்சிருக்கு. அது பிடியை விடற வரைக்கும் மேஸ்திரி உடம்பை எடுத்துப் புதைக்க மாட்டான். வாசல்ல பேர்ப்பலகையைத்தான் கழட்டியிருக்கு. வீடு அப்படியே நிக்குது. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணியிருந்தா... தரைமட்டம்!"

இஸ்திரி சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார்!

ஆய்வாளர் எழுந்திருக்கக் கூட இல்லை. பூட்ஸ் காலை நீட்டினார். அவ்வளவுதான். இஸ்திரி தரையில் குப்புற விழுந்தார்.

வொயரின் விரல்கள் பறந்தன. பிணம் திரையில் எழுந்து உட்கார்ந்தது.

விபத்து நடந்த அன்று, காலை ஒன்பது பன்னிரண்டு. சென்சார் அணைப்பு. காட்டப்பட்ட கார்டு... மேனேஜர்!

"வேகமா உற்பத்தி வேணும்னு அணைச்சீங்களாக்கும்?" தரையைப் பார்த்துக் கேட்டார் ஆய்வாளர். அந்தச் சட்டை அன்றுதான் முதன்முதலாகக் கசங்கியிருந்தது.

அக்கா வாயைப் பிளந்து நின்றாள். "அப்ப... அவர் நிஜமாவே தொடலையா?"

"இல்லக்கா. மச்சானைக் காப்பாத்தற ஒரே சாட்சியைத்தான் நீ கொல்லப் பார்த்திருக்க!"

"மேடம்... என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவீங்களா?"

ஆய்வாளர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக் கொண்டார்.

"செத்துப் போன ஆளே எழுந்து வந்து சாட்சி சொல்லிட்டான். அப்புறம் என்னத்துக்குக் கொலைக் கேஸு? போய் அந்த நட்டு-போல்ட்டை நிறுத்தும்மா, இன்னும் எழுதிக்கிட்டு இருக்கு."

அக்கா கண்ணைத் துடைத்தாள். தம்பியை நெருங்கினாள். தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"ஆ! எதுக்குக்கா?"

"ஒரே சீட்டா சேர்த்துடுவான்னு ஏன்டா சொல்லல?"

"சொல்ல வந்தேன். 'மூடிட்டுத் தின்னுடா'ன்னு நீதான் சொன்ன!"

"நல்ல வேளை," என்றாள் அக்கா. "நீ முழுசாச் சொல்லியிருந்தா நான் ஒழுங்கா அழிச்சிருப்பேன்!"