நோய் தாங்காத முப்பது வகை

நெடுமடை ஏரியில் நீர்த்தெள்ளுகள் சிவக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், கோமதி குளிர்பேழையைத் திறந்து முப்பது பொட்டலங்களையும் வெளியே எடுத்தாள். ஊரே கலங்கியிருந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே பதினோரு வருஷம் எல்லோரிடமும் பேச்சு வாங்கினாள்?

மின்சாரத்தை விழுங்கும் வடிகட்டிகளை ஊர்கள் கைவிட்டு ஒரு தலைமுறை ஆயிற்று. இப்போது நாலு லட்சம் பேர் குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் செய்வது கடுகளவு நீர்த்தெள்ளுதான். பாசியைத் தின்னும், அச்சு அசலாகத் தன்னைப் போலவே பெண்குஞ்சுகளை ஈனும். அதற்கு எமன் செங்கிருமி. கிருமி குடலில் ஒட்டினால் தெள்ளு சிவந்து, ஊதி, மலடாகிச் செத்துப்போகும். ஆனால் ஒட்டுவதற்குக் கிருமியிடம் பொருத்தமான சாவி வேண்டும். எந்தத் தெள்ளிடம் எந்தப் பூட்டு என்று மரபணுவைப் படித்துச் சொல்லப் பூட்டுமானி வந்தது. எந்தச் சாவிக்கும் திறக்காத பூட்டு பதினேழாம் வகையிடம் இருப்பதாக அது சொன்னதும், பத்தொன்பது ஏரிகளிலும் அந்த வகையை மட்டும் விட்டார்கள். மீதி முப்பதுக்கும் 'நோய் தாங்காதவை' என்று பெயர் வைத்தாயிற்று.

"எல்லா ஏரியிலயும் ஒரே பூட்டுன்னா, கிருமி ஒரு சாவி செஞ்சா போதும்லா?" என்று கோமதி கூட்டத்துக்குக் கூட்டம் கத்தினாள். காதில் போட்டுக்கொண்டவர் அவள் வேலை பார்த்த ஏரி நிலையத்தின் தலைவர் இசக்கியப்பன் ஒருவர்தான். முப்பது வகையும் இட்ட, காய்ந்தாலும் சாகாமல் வருஷக்கணக்கில் கிடக்கும் உறங்குமுட்டைகளை உலர்த்திப் பொட்டலம் கட்டி வைக்க அனுமதி கொடுத்தார். அடிக்கடி திறந்தால் குளிர் கெடும் என்று பேழையைத் தானே பார்த்துக்கொண்டு, வாரம் தவறாமல் 'உயிர் உண்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவரைக் கூடப்பிறந்த அண்ணனாகவே கோமதி நினைத்தாள். மற்ற பதினெட்டு நிலையங்களும், அதுதான் கோமதியிடம் இருக்கிறதே என்று தங்கள் பொட்டலங்களைத் தூக்கிப் போட்டுவிட்டன.

இப்போது கிருமி அந்த ஒரு சாவியைச் செய்துவிட்டது. பதினேழாம் வகை கூண்டோடு அழிந்துகொண்டிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் வேறு தெள்ளுகளை விடாவிட்டால் பாசி விஷமாகும், குழாயை மூட வேண்டியதுதான்.

முப்பது தட்டுகளில் தண்ணீர் ஊற்றிப் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டினாள். கறுப்புக் கறுப்பாக விழுந்தன. உறங்குமுட்டையும் அப்படித்தான் இருக்கும். குஞ்சு பொரிக்க மூன்று நாளாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கை கழுவப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பியபோது, முப்பது தட்டிலும் ஒவ்வொரு மணியும் வெள்ளையாக, வழுவழுப்பாக ஊதிக் கிடந்தது.

கூப்பிட்டனுப்பியதும் இசக்கியப்பன் வந்தார். தட்டுகளைப் பார்த்தார். உட்காரவில்லை.

"என்னண்ணே இது?"

"சப்ஜா விதை."

"அது தெரியுது. நன்னாரி சர்பத்துல போட்டுக் குடிச்சிருக்கேன். முட்டை எங்க?"

"தரச்சான்றுக்கு வந்தவுக, நோய் தாங்காததக் கூட வச்சிருந்தா சான்று கெடையாதுன்னுட்டாவ கோமதி. நாலு வருஷமாச்சு. ஒங்கிட்டச் சொன்னா நீ வேலைய விட்டுட்டுப் போயிருவ. ஒன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"மனசு நோகக் கூடாதுன்னு வாரா வாரம் பொய்க் கையெழுத்துப் போட்டியளோ?"

கோமதிக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஊர் கேலி செய்ததெல்லாம் அவளுக்கு வலித்ததே இல்லை. தன் பேச்சைக் கேட்ட ஒரு ஆள் உண்டு என்று நம்பியிருந்தாளே, அதுதான் இப்போது வலித்தது.

"எங்க கொட்டுனிய?"

"பின்னால, கழிவுநீர்க் குழியில."

அவளுக்குச் சுரீர் என்றது. தண்ணீரில்தானே கொட்டியிருக்கிறார்! வேண்டாம் என்று எறிந்தது முட்டைக்குத் தெரியுமா? தண்ணீர் பட்டால் பொரிக்கும். நாலு வருஷமாக முப்பது வகையும் அங்கே கலந்து பெருகியிருக்கும். அவளுக்கு வேண்டியது ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

குழியில் தண்ணீர் அடிவரை தெளிவாக இருந்தது. குடுவையில் மொண்டு உருப்பெருக்கியில் பார்த்தாள். நூற்றுக்கணக்கில் நீர்த்தெள்ளுகள், விதவிதமானவை. ஒன்றுகூடச் சிவக்கவில்லை, ஒன்றுகூட அசையவும் இல்லை. சிலவற்றின் முதுகுப் பையில் குஞ்சுகள் அப்படியே இருந்தன. செத்து அரை நாள்கூட ஆகியிருக்காது. அப்போதுதான் மூக்கில் அந்தக் காரநெடி ஏறியது.

துப்புரவு வேலை பார்க்கும் பேச்சியம்மாள் காலி வாளியோடு எதிரே வந்தாள்.

"இந்தக் குழியில என்னத்தப் போட்ட?" என்று கோமதி கேட்டாள்.

"பிளீச்சிங் பவுடர்தாம்மா. நோய் பரவுது, நிலையத்துக்குள்ள தேங்குன தண்ணி ஒண்ணு விடாம மருந்து போடணும்னு நீங்கதான எழுதிக் குடுத்திய? மத்ததெல்லாம் நேத்தே முடிச்சிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி, காலையில முடிச்சேன்."

கோமதி குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உறங்குமுட்டை மருந்துக்கு எளிதில் சாகாது, அடிச்சேற்றில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சியம்மாள் பதறிப்போனாள்.

"கவலப்படாதிய. இதுல என்னமோ பூச்சி துள்ளிக்கிட்டுக் கெடந்துச்சு. அதான் அடிச்சேத்தையும் வாரி எரிச்சிட்டு, பவுடர ரெண்டு பங்காவே போட்டிருக்கேன்."