முடுக்குப் பக்கம் கூப்பிடுங்க

ருமைஸாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பின்னே என்ன? காயல்பட்டினமே வெள்ளத்தில் கிடக்கிறது. அவளுடைய லாத்தா ஜஹ்ராவுக்கு இன்றோ நாளையோ பிள்ளை பிறக்கப்போகிறது. அக்காவைக் கூட்டிவரப் போன ராணுவப் படகோ வெறும் படகாக முகாமுக்குத் திரும்பியிருக்கிறது!

படகில் வந்த சிப்பாய் லிங்கராஜ் உடன்குடிக்காரர். வாசல் வாசலாக நின்று கூப்பிட்டார்களாம். எல்லாக் கதவும் சாத்தியிருந்ததாம். தெருவில் ஒருவரும் இல்லை என்று முகாமில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். படகு அடுத்த தெருவுக்குக் கிளம்பியது.

ருமைஸா குறுக்கே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, வாசல்ல கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்? எங்க தெருப் பொம்பளைங்க பின்பக்கம் முடுக்கு வழியாத்தான் போவாங்க, வருவாங்க. தண்ணி ஏறினதும் மாடி வீடாப் பாத்து அங்கன போயிருப்பாங்க."

"அண்ணாச்சியா? நான் என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்கேன்?" என்று சிரித்த லிங்கராஜ், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "அந்த முடுக்கு எங்கன இருக்கு? காட்டுதியா?"

லிங்கராஜ் இந்தியில் எடுத்துச் சொன்னதும், சின்னப் பிள்ளையை வெள்ளத்தில் கூட்டிப்போவதாவது என்று கேப்டன் தயங்கினார். முகாமில் இருந்த மும்தாஜ் டீச்சர் தானும் வருவதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்து, கேப்டனும் படகில் ஏறினார். ருமைஸாவுக்குப் போட்ட மிதவைச் சட்டை முழங்கால் வரை தொங்கியது.

முடுக்கு ஒடுக்கமான சந்து. படகு நுழையாது. லிங்கராஜ் தண்ணீரில் குதிக்கப் போனார். ருமைஸா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இது பெண்கள் நடக்கிற வழி, சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள்.

"மாமீ! நான் ருமைஸா வந்திருக்கேன். பட்டாளத்து அண்ணமாரு படகோட நிக்கிறாங்க. உள்ள வரலாமா?"

மாடியில் ஒரு சன்னல் திறந்தது. உடனே இன்னொன்றும் திறந்தது.

"சீக்கிரம் வரச் சொல்லு. ஜஹ்ராவுக்கு வலி எடுத்துட்டு!"

கல்யாணச் சோறு ஆக்கும் பெரிய அண்டாவில் ஜஹ்ராவை உட்காரவைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, சிப்பாய்களும் பெண்களுமாகப் படகு வரை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ருமைஸா குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் படகு அடுத்த தெருவுக்குப் போனது. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முடுக்கு முனையில் போய் நின்றது. தமிழே தெரியாத கேப்டன் எழுந்து, ருமைஸா சொல்லிக்கொடுத்த இரண்டே வார்த்தையை உரக்கச் சொன்னார்.

"மாமீ, வரலாமா?"

முடுக்கு முழுக்கச் சன்னல்கள் திறந்தன.