குவளை வைத்த இடம்

துடைத்த இடம் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை.

நிர்மலாதேவி விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். அடுப்படி கேபினட்டின் வெள்ளை ஃபார்மிக்காப் பலகையில், சிங்க்குக்கு வலப்பக்கம், ஒரு குவளையின் அடிவட்டம் அளவுக்குப் பழுப்பு வளையம். காலையில் சோடா மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் வழித்தெடுத்தபோது அது சுத்தமாகப் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் குளிக்கவே போனாள். இப்போது மணி மூன்று. வளையம் திரும்பவும் அதே இடத்தில் இருந்தது. ஈரமாக இருந்தது. சனியன், இளஞ்சூடாகவும் இருந்தது.

நாலு மணிக்குத் தேவிஸ்ரீ வருகிறாள். சுப்பம்மாவின் மகள்.

சுப்பம்மா இந்த வீட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். வாரத்தில் மூன்று நாள் புக்கிட் ரம்பாய் அடுக்குமாடியிலிருந்து பஸ் ஏறி, பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து, கூட்டித் துடைத்துப் பாத்திரம் கழுவிவிட்டுப் போவாள். பதினான்கு நாளைக்கு முன்னால், இந்த வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்தபடியே அவள் உயிர் போனது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதற்கு முந்தைய முக்கால் மணி நேரம் என்ன நடந்தது என்பதுதான் நிர்மலாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. கட்டின புருஷன் தனபாலனுக்குக்கூட.

இன்றைக்கு அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து கேட்பாள். கேட்காமல் இருப்பாளா? பெற்ற தாயாயிற்றே. என்ன சொல்வது?

நிர்மலா எலுமிச்சையை அரிந்து வளையத்தின்மேல் பிழிந்தாள். கம்பி நாரைப் போட்டுத் தேய்த்தால் கறை போய்விடும்தான், ஆனால் ஃபார்மிக்காவின் மினுமினுப்பும் சேர்ந்து போய்விடும், அப்புறம் கீறல் விழுந்த இடத்தில் எல்லாக் கறையும் குடியேறிவிடும் என்று கடைக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எல்லாம் இந்தப் பலகையால் வந்த வினை. தீபாவளிக்குத்தான் புதிதாகப் போட்டது. அதைப் பார்க்கவென்றே தெங்கேராவிலிருந்து நாத்தனார் வந்து போனாள்.

பலகையால் என்றா சொன்னோம்? அதுவும் பொய்தான். சொல்லவே வாய் கூசுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. சுப்பம்மாவுக்கு இந்த வீட்டில் தனிக் குவளை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். "அக்கா, தே ஓ குடிங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள் நிர்மலா. கை மட்டும் கட்டன் தேநீர்க் கெண்டியை உயரத் தூக்கி, குவளையில் படாமல் ஊற்றும். சுப்பம்மா அதை வாங்கிக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விடுவாள். இத்தனைக்கும் நிர்மலாவின் அப்பாவே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். எஸ்டேட் லயத்தில் பிறந்து, கக்கூஸுக்கு வரிசையில் நின்றவள்தான் இவளும். டவுனுக்கு வந்து மாடி வீடு வாங்கியதும் எல்லாம் மறந்து போயிற்று.

அன்றைக்குச் சுப்பம்மா குவளையைப் படிக்குக் கொண்டுபோகவில்லை. தலை சுற்றுகிறது என்று புதுப் பலகையிலேயே வைத்துவிட்டு, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஃபோன் பேசிவிட்டு வந்த நிர்மலாவின் கண்ணில் பட்டது குவளைதான்.

"ஐயோ அக்கா, அத ஏன் இங்க வச்சீங்க? புதுசு லா இது!"

"ஒரு மாதிரியா வருதும்மா. நெஞ்ச அடைக்குது. செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

மூன்று எட்டு வைத்தால் சாப்பாட்டு மேசை. நாலு நாற்காலி, மெத்தை போட்டது.

"கறைய எடுத்துட்டு உக்காருங்க. ஊறிட்டா போவாது. சோடா மாவு போட்டு வட்டமா தேய்ங்க, அழுத்தாதீங்க."

முக்கால் மணி நேரம் தேய்த்தாள் அந்த மனுஷி. ஹாலில் உட்கார்ந்து நாடகம் பார்த்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் நிர்மலா. சத்தம் நின்றதும் எழுந்து வந்து முதலில் பலகையைத்தான் பார்த்தாள். கறை போயிருந்தது. சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகுதான் பின்வாசலை எட்டிப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு குறுகுகிறது.

எலுமிச்சைக்கு வளையம் அசையவில்லை. மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றினாள். பஞ்சு பழுப்பானது, இன்னொன்று, அதுவும் பழுப்பானது, குப்பைக்கூடையில் பஞ்சு குவிந்தது, வளையம் மட்டும் வெளுக்கவில்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு சொட்டும் விழவில்லை, அக்கம்பக்கத்து மின்காற்றாடிச் சத்தம்கூட அடங்கிப்போய், அடுப்படி முழுக்கக் கொதித்து ஆறிய தேயிலையின் துவர்ப்பு வாசமும், அதற்கடியில் வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த, பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு உடம்பின் வாசமும் மெல்ல மெல்ல நிறைந்தன. இன்றைக்கு இந்த வீட்டில் யாரும் டீ போடவில்லை.

காய்கறி வெட்டும் கட்டையை எடுத்து வளையத்தின்மேல் கவிழ்த்தாள். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று ஹாலுக்கு நடந்தாள்.

சரக்.

நின்றாள்.

சரக். சரக். மெதுவாக. மூச்சு வாங்குகிறவர்கள் இடைவெளி விட்டுத் தேய்ப்பது போல.

கட்டைக்கு அடியிலிருந்து வந்தது.

"அக்கா, மன்னிச்சிருங்க அக்கா," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சத்தம் நிற்கவில்லை. வாசல் கேட்டின் மணி அடித்த பிறகுதான் நின்றது.

தேவிஸ்ரீ ஃபேக்டரிச் சட்டையோடு வந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அழுது அழுது இமை தடித்திருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நாளன்னைக்கு பதினாறாம் நாள் காரியம், ஆன்ட்டி. நீங்களும் அங்கிளும் கண்டிப்பா வரணும்."

"வராம இருப்போமா?"

"இன்னொண்ணு. படையல்ல அம்மா குடிச்ச கப்புல டீ ஊத்தி வைக்கணும். வீட்ல ஒழுங்கான கப்பு இல்ல லா. அம்மா அடிக்கடி சொல்வாங்க, நிர்மலாம்மா வீட்ல ரோசாப்பூ போட்ட பீங்கான் கப்புலதான் எனக்கு டீ, அவங்ககூடவே மேசையில உக்காந்துதான் குடிப்போம்னு. அந்த ஒரு கப்ப மட்டும் குடுக்கிறீங்களா? வேற வாங்கித் தந்துர்றேன்."

நிர்மலா திரும்பிப் பார்த்தாள். ரோசாப்பூ கப் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சுப்பம்மா அதைக் கழுவியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள். ஆறு வருஷத்தில் ஒருநாளும் உதட்டில் வைத்ததில்லை. மகள் முன்னால் தலை குனியக் கூடாதென்று, பாவி மனுஷி, வீட்டுக்குப் போய் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள்! ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று நெஞ்சுவரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முடியவில்லை.

"ஆமாம்மா," என்றாள். "அந்தக் கப்புதான் அக்காவுக்கு."

அலமாரியைத் திறந்து எடுத்தாள். மாதக்கணக்கில் யாரும் தொடாத கப். கையில் சுட்டது. தேவிஸ்ரீயிடம் நீட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அடுப்படிப் பக்கம் கண் போனது. கட்டை ஒருபுறமாக நகர்ந்து கிடந்தது. பலகை வெள்ளை வெளேரென்று இருந்தது. வளையம் இல்லை.

போய்விட்டது. அப்பாடா! மூச்சு வந்தது நிர்மலாவுக்கு. இவ்வளவுதானா? அக்காவும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள், அக்கா விரும்பினதும் இதுதானே? மனசு லேசாகி வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இதோ, எம் பக்கத்துல, இந்த நாற்காலியிலதான் எப்பவும் உக்காருவாங்க."

நாற்காலி முனகியது. அதன் மெத்தை மெதுவாக அமுங்கியது. அமுங்கியபடியே நின்றது.

தேவிஸ்ரீ கப்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

"ஆன்ட்டி, கடைசியா... அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா? தனியா இருந்தாங்களா?"

தேங்காயெண்ணெய் வாசம். மிகப் பக்கத்தில். வேண்டாம், பேசாதே என்று உள்ளே ஏதோ ஒன்று கதறியது. ஆனால் அந்தப் பெண்ணின் கண்கள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இல்லை என்று சொல்லாமல் எப்படி?

"இல்லடா. நான் கூடவே இருந்தேன். எங்கையைக் கெட்டியா புடிச்சிக்கிட்டாங்க. அப்படியே போயிட்டாங்க."

மேசைக்குக் கீழே, மடியில் கிடந்த நிர்மலாவின் கையை ஒரு கை பிடித்தது.

ஈரக் கை. விரலிடுக்கெல்லாம் சோடா மாவின் நறநறப்பு. கெட்டியான பிடி.

"ரொம்ப நன்றி ஆன்ட்டி," என்று அழுதாள் தேவிஸ்ரீ. "இது போதும் எனக்கு. இதக் கேக்கத்தான் வந்தேன்."

நிர்மலா சிரித்த முகம் மாறாமல் இருந்தாள். கையை இழுத்தாள். வரவில்லை. அந்தக் கையின் கட்டைவிரல் அவள் புறங்கையைத் தேய்க்கத் தொடங்கியது. வட்டமாக. அழுத்தாமல். தோல் சூடானது. எரிந்தது. ஏதோ கசிந்து புடவைக்குள் இறங்கியது. தேவிஸ்ரீ காரியத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நிர்மலா ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினாள்.

சரக்.

சரக்.