மிக அருகில் ஒருவர்

பக்கத்தில் ஒருவர் இருப்பதாகப் போன் சொன்னது. கடலோரத்து அந்தச் சந்தில் சுமியாத்தியைத் தவிர வேறு யாரும் குடியில்லை.

செமாராங் நகரத்தின் வடகோடி அது. கடல்நீர் தெருவுக்குள் ஏறி வர வர, வீட்டுக்காரர்கள் மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தினார்கள். தரை உயர உயரக் கதவுகள் குட்டையாகி, ஜன்னல்கள் முழங்காலுக்கு இறங்கின. சுமியாத்தியின் புருஷன் உயிரோடிருந்தபோது இரண்டு தடவை மண் கொட்டினான். அதற்கு முன்பு இருந்தவர்கள் எத்தனை தடவை கொட்டினார்களோ, பழைய தரைகள் அடியில் அடுக்கடுக்காகப் புதைந்து கிடந்தன. நடுக்கூடத்தில் நின்று கையைத் தூக்கினால் இப்போது கூரைப் பலகை தட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சலித்துப்போய் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் பால்மீனை முள் கரையும்வரை குக்கரில் வேகவைத்து விற்றுக்கொண்டு அங்கேயே கிடந்தாள்.

தங்கை ரெத்னோவுக்கு மலைப்பக்கம், சாலாதிகாவில் வீடு. வந்துவிடு, வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா அசைகிற மாதிரி இல்லை என்றானதும், புதிதாக வந்திருந்த அந்தச் செயலியையாவது போட்டுக்கொள்ளச் சொன்னாள். செபெலா என்று பெயர், பக்கத்தில் என்று அர்த்தம். படம் அனுப்ப முடியாது, எழுதி அனுப்ப முடியாது. அருகில் இருப்பவர்கள் குரலைப் பதிந்து போடலாம், போட்டதைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

சுமியாத்திக்கு மனசு வரவில்லை. மீன் ஆர்டருக்குப் போன் வேண்டும், சரி. தனக்கென்று, வெறுமனே பேச என்று ஒன்று எதற்கு? பேசினால் கேட்க இங்கே யார் இருக்கிறார்கள்?

"எத்தனை நாளைக்குத்தான் மீன்கிட்டயே பேசுவே? கொஞ்ச நாள் வெச்சுப் பாருக்கா. புடிக்கலன்னா தூக்கிப் போட்டுட்டுப் போ," என்றாள் ரெத்னோ.

அப்படித்தான், மழை மூட்டமாக இருந்த ஒரு பிற்பகலில், குக்கர் சத்தம் அடங்கியதும் செயலியைப் போனில் இறக்கினாள். திரையில் ஒரு வட்டம். நடுவில் அவளுக்கு ஒரு புள்ளி. அதை ஒட்டி இன்னொரு புள்ளி. கீழே 'மிக அருகில்' என்று இருந்தது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரோ திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் போதும். தான் பிடிவாதமாக இங்கே இருப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தங்கையிடம் சொல்லலாம். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பூட்டுகளில் துரு வழிந்திருந்தது. சேறும் உப்பும் அழுகிய பாயும் கலந்த வாடை ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் வந்தது. சந்து முனைவரை நடந்தபோது இன்னொரு புள்ளி அவளைவிட்டு விலகிக்கொண்டே போனது. திரும்பி நடந்தபோது நெருங்கியது. தன் வாசலில், குனிந்து உள்ளே நுழைந்தபோது, இன்னும் நெருங்கியது. அடுக்களையில் கொஞ்சம் விலகியது. நடுக்கூடத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன.

ரெத்னோவைக் கூப்பிட்டாள். சில சமயம் ஒரே போனை இரண்டாகக் காட்டும், அது உன் புள்ளிதான் என்று அவள் சிரித்தாள். சுமியாத்தியும் சிரித்து வைத்தாள். ஆனால் உட்கார முடியவில்லை. ஆறவைத்த மீனை எண்ணெய்த்தாளில் சுற்றினாள், பாதியில் விட்டாள், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். ஒவ்வொரு தடவையும் கை போனுக்கே போனது.

கடைசியில் பொத்தானை அழுத்திப் பேசினாள். "யாருங்க அது? இந்தச் சந்துக்காரங்களா?"

பதிலுக்கு ஒரு ஒலிப்பதிவு வந்தது. காதோடு வைத்துக் கேட்டாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம், அதற்கும் பின்னால் கனமாக, அமுங்கி, பஞ்சு மூட்டைக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஏதோ தேய்கிற சத்தம். தப்... இழுப்பு. தப்... இழுப்பு. யாரோ ரப்பர் செருப்போடு நடக்கிறார்கள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார்கள். சுமியாத்திக்கு இடது முழங்கால் மடங்காது. அது அவளுடைய நடைதான். போன் அடுக்களையில் கிடக்க, அவள் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக அலைந்த நடை.

அடுத்தது வந்தது. அதே சொட்டுச் சத்தம். தூரத்தில், மேலே எங்கேயோ, ஒரு பெண் கேட்கிறாள். யாருங்க அது. இந்தச் சந்துக்காரங்களா.

அவளுடைய குரல். கீழேயிருந்து கேட்டால் எப்படிக் கேட்குமோ, அப்படி.

போனோடு நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பெரிய சாலைப் பக்கத்து மசூதியில் மக்ரிப் பாங்கு தொடங்கி, காற்றில் அறுந்து அறுந்து வந்தது. டைல்ஸின் இடுக்குகளில் வழக்கம்போல் கடல் கசிய ஆரம்பித்து, பாதத்தின் ஓரம் குளிர்ந்தது. போன் இன்னொரு முறை அதிர்ந்தது. கேட்கவேண்டாம் என்று நினைத்தாள். விரல் அதற்குள் தொட்டுவிட்டது.

இம்முறை குரல் வாயருகே வைத்துப் பேசியதுபோல் தெளிவாக இருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதுபோல மரியாதையான குரல்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் நின்றிருந்த டைல்ஸில், கீழேயிருந்து, யாரோ தட்டினார்கள்.

செயலியை அழித்தாள். இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் அழிந்தது. போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். கூடத்து ஓரமாகக் கிடந்த கட்டிலில் ஏறி, காலைச் சுருட்டிக்கொண்டாள். விடிந்ததும் சாலாதிகாவுக்குப் பஸ். இல்லை, இப்போதே. தண்ணீர் கணுக்கால் அளவுதான். வாசல் இதோ இருக்கிறது.

கரண்ட் போனது.

இருட்டில் தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும். மீன் வாடை. அவளுடைய மூச்சு. கண் பழகக் காத்திருந்தாள். பழகவில்லை. ஆனால் ஏதோ தெரிந்தது.

தரை தெரிந்தது. டைல்ஸ் தெரியவில்லை. இடுக்குகள் மட்டும். தண்ணீருக்கு அடியில் கட்டம் கட்டமாக, மெல்லிய நீலவெள்ளைக் கோடுகள். போன் திரையின் வெளிச்சம். அது மண்ணுக்குள்ளிருந்து கசிந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது நகர்ந்தது. கூடத்தின் நடுவிலிருந்து, கட்டம் கட்டமாக, கட்டிலை நோக்கி.

திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். வெளியே, சந்தை மூடிக் கிடந்த தண்ணீருக்குக் கீழே இன்னொரு வெளிச்சம். அதற்குப் பின்னால் ஒன்று. எதிர்வீட்டின் தாழ்ந்த ஜன்னலுக்குள் ஒன்று எரிந்து, சுவருக்கு அடியில் புகுந்து, தெருவுக்கு வந்தது. பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும். எல்லாம் அவசரமில்லாமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டு, அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தன.

கட்டிலின் கீழே கூடி நின்றன. கூரைப் பலகையில் நீல அலைகள் ஆடின. சுமியாத்தி இரண்டு கைகளாலும் அந்தப் பலகையைப் பற்றப் பார்த்தாள்.

கட்டிலின் ஒரு கால் மெல்ல உயர்ந்தது.